கொப்புளம் எழாத கைகள்

786
ஆம்பூர்,
18-3-1963

அன்புள்ள பூங்கா,

நசீமா எழுதிக்கொள்வது. உடம்பு சுகம்தான். செருப்பு கடித்த இடம் மட்டும் ஆறவில்லை. ஒரு நாளைக்கு ஐம்பது வீடு ஏறி இறங்கினால் எப்படி ஆறும்? பயிற்சிப் பள்ளி விடுதியில் நம் இரண்டு கட்டிலுக்கும் நடுவே நாலடிதான் இருந்தது. அப்போதே பேசித் தீராது. இப்போது முப்பது மைல் தள்ளி இருந்துகொண்டு நீ மாதம் ஒரு கார்டு போட்டுத் தப்பித்துக்கொள்கிறாய். இந்த முறை எனக்குக் கவர் வேண்டும், நாலு பக்கம் வேண்டும்.

புது வேலை எப்படி என்று கேட்டிருந்தாய். பெரியம்மையை நாட்டை விட்டே விரட்டுவது என்று சர்க்கார் கிளம்பியதும், பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு அம்மை குத்துகிறவளாக்கி விட்டார்கள். காரணம் உனக்கே தெரியும். இங்கே தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்னால் உள்ள தெருக்களில் பெண்கள் கோஷா. ஆண் ஊழியர் போனால், "வூட்ல ஆம்பளைங்க இல்ல" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே பதில் வரும். அவரும் குத்தியாயிற்று என்று எழுதிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். பத்து வருஷமாக இப்படித்தான் நடந்திருக்கிறது. ஒரு தெரு முழுக்கக் குழந்தைகளின் கையைத் தூக்கிப் பார்த்தேன். தழும்பு இருந்தது நாலே பேருக்கு.

எனக்கும் முதலில் திறக்கவில்லை. சைரா என்று ஒருத்திதான் திறந்தாள். அவள் புருஷன் ஜியாவுல்லா சுண்ணாம்புக் குழியில் தோல் ஊறப்போடுகிற வேலை செய்கிறவர். திரைக்குப் பின்னாலிருந்து, "நீ யார் வூட்டுப் பொண்ணு?" என்றாள். அப்பா பெயரைச் சொன்னேன். திரை ஒரு சாண் விலகியது.

"இத்தக் குத்திக்கினா சேச்சக் வராதுன்னு யார் சொல்றது? சர்க்காரா, நீயா?"

இங்கே பெரியம்மைக்கு அதுதான் பெயர். சர்க்கார் என்றால் திரை திரும்ப விழுந்துவிடும் என்று தோன்றியது. "நான் சொல்றேன்" என்றேன்.

"அப்போ சரி. எம் புள்ளைக்கு மொதல்ல குத்து. மத்தவங்கள நான் கூட்டியாறேன்."

அவளுக்கு இரண்டு குழந்தைகள். ஜான் பாஷாவுக்கு ஐந்து வயது, வஜீதாவுக்கு இரண்டு. அப்பாவின் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, "வலிக்குமா, வலிக்காதா, ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்று என்னை அதட்டினான் அந்தப் பையன்.

சொன்னபடி சைரா நாற்பது வீட்டுப் பெண்களிடம் பேசிவிட்டாள். ஏப்ரல் எட்டாம் தேதி அவள் வீட்டு முற்றத்தில் குத்துவதாக ஏற்பாடு. நானூறு பேருக்கு மருந்து வேண்டும். கிடங்குச் சாவி உன் இடுப்பில் இருக்கும்போது எனக்கென்ன கவலை? நல்ல மருந்தாகப் பார்த்து, ஐஸோடு அனுப்பு.

விஜிக்கு என் முத்தம். பரந்தாமன் அண்ணன் உடம்பு எப்படி?

உன் தோஸ்த்,
நசீமா


உ
வேலூர்,
24-3-1963

என் பிரியமுள்ள நசீமா,

கவர் கேட்டாய், கவரே போட்டிருக்கிறேன். நாலு பக்கம் வருமா தெரியாது. ஆபீசில் மூன்று பேர் வேலை என் தலையில். நீ மட்டும் என்ன, விஜியின் இரண்டாவது பிறந்தநாளுக்கு வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவே இல்லை. குடியாத்தத்திலிருந்து என் அண்ணன் நெய்து கொண்டுவந்த சின்னப் பாவாடையில் அவளை நீ பார்த்திருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு இருமல் கொஞ்சம் கம்மி. காசநோய் ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்ததே பெரிய விஷயம். எட்டு மாதம் வரிசையில் நின்றோம். கடைசியில் எங்கள் ஆபீஸ் பெரிய ஐயா ஒரு போன் செய்தார், மறுநாள் படுக்கை. என்னை ஊர் ஊராக அலையவிடாமல் கிடங்கில் உட்கார வைத்ததும் அவர்தான். தினமும் காலையில் அவருக்கு வணக்கம் சொல்லும்போது அதுவும் சேர்ந்து ஞாபகம் வருகிறது.

ஏப்ரல் கடைசியில் டில்லியிலிருந்து ஒரு குழு வருகிறதாம். அதற்குள் எங்கள் வட்டாரம் நூற்றுக்கு நூறு என்று காட்டியாக வேண்டும். ஐயா சுவரில் பெரிய அட்டவணை மாட்டியிருக்கிறார். உன் தெருக்கள் மட்டும்தான் வெள்ளையாகக் கிடக்கின்றன.

நானூறு பேருக்கான மருந்து ஏப்ரல் ஆறாம் தேதி பியூன் ஜம்புலிங்கம் கையில் வரும். ஐஸ் பத்திரம். இங்கே குளிர்பெட்டியின் மோட்டார் இரண்டு வாரமாக ஒரு மாதிரி உறுமுகிறது. ரிப்பேருக்கு இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். "பார்க்கலாம்" என்கிறார் ஐயா.

நீ சைராவிடம் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இனிமேல் 'நான் சொல்றேன்' என்று சொல்லாதே. சர்க்கார் சொல்கிறது என்றே சொல். அதுதான் நமக்கு நல்லது.

அன்புடன்,
பூங்காவனம்


786
ஆம்பூர்,
22-4-1963

அன்புள்ள பூங்கா,

உனக்கு வேலை அதிகம் என்று தெரியும். இருந்தாலும் இதை உடனே படி.

எட்டாம் தேதி சைரா வீட்டு முற்றத்தில் கூட்டம் தாங்கவில்லை. காலையிலிருந்து சாயங்கால அஸர் தொழுகை வரைக்கும் குத்தினேன். முந்நூற்று எழுபத்திரண்டு பேர். கருவியைத் தோலில் வைத்துத் திருகித் திருகி என் கட்டைவிரல் மரத்துவிட்டது. ஜான் பாஷா அழவில்லை. அழாததைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பதினாறாம் தேதி, எட்டாம் நாள், கை பார்க்கப் போனேன். முதல் தடவை குத்திக்கொண்ட குழந்தைகள் நூற்றுப் பதினாறு பேர். அந்த வயதில் மூன்றாம் நாள் தடித்து, எட்டாம் நாள் முத்து மாதிரி கொப்புளம் நிற்க வேண்டும், காய்ச்சல் அடிக்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கையில்கூட எழவில்லை. கீறல் காய்ந்து உதிர்ந்து போயிருக்கிறது. நேற்று திரும்பவும் போனேன். அதேதான்.

பெண்களுக்குச் சந்தோஷம். "ஒன் கை ராசி, ஒரு கொயந்தைக்கும் ஜுரம் இல்ல" என்று சைரா எனக்குச் சேமியா கொடுத்தாள். வேறு வழியில்லாமல் சாப்பிட்டேன்.

என் கையில் தப்பா என்று முதலில் பார்த்தேன். டிஸ்பென்சரியில் குழந்தைகளுக்குக் குத்திய எட்டு வருஷத்தில் இப்படி ஆனதில்லை. ஜம்புலிங்கம் வந்தபோது ஐஸ் கரையவில்லை, நானே தொட்டுப் பார்த்தேன். அப்படியென்றால் மருந்தில்தான் ஏதோ. அந்தச் சீசாக்கள் எந்தப் பெட்டியில் வந்தவை, எத்தனை நாள் உன்னிடம் இருந்தன என்று எழுது. வேறு மருந்து கொஞ்சம் அனுப்பினால் சத்தமில்லாமல் திரும்பக் குத்திவிடுவேன்.

தபாலில் நாளைக் கடத்தாதே.

உன் தோஸ்த்,
நசீமா


உ
வேலூர்,
27-4-1963

அன்புள்ள நசீமா,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. பதில் போடத்தான் முடியவில்லை. விஜிக்கு இத்தனை நாள் தள்ளிப்போட்டு, பதினாறாம் தேதிதான் அம்மை குத்தினேன். கை தேங்காய் மூடி மாதிரி வீங்கிவிட்டது. மூன்று நாள் நெருப்பாய்க் கொதித்தாள், மடியை விட்டு இறங்கவில்லை. இப்போது பரவாயில்லை, பொருக்குக் கட்டிவிட்டது.

நீ எழுதியதைப் பற்றி. சில ஊரில் கையில் கொப்புளம் தாமதமாக எழும் என்று பெரிய ஐயா சொல்கிறார். சுண்ணாம்பும் தோலும் புழங்குகிற இடம், தண்ணீரும் ஒரு மாதிரி. நீ ரொம்பக் கவலைப்படுகிறாய். விடுதியிலும் இப்படித்தான், அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்ப்பாய்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மாத அறிக்கையில் 'எழவில்லை' என்ற பத்தியை நிரப்பாதே. முந்நூற்று எழுபத்திரண்டு என்று மட்டும் எழுதி அனுப்பு. குழு வந்துவிட்டுப் போய்விட்டது. சுவர் அட்டவணையைப் பார்த்து ரொம்பத் திருப்தி. ஐயாவுக்குக் கைகொடுத்துப் பாராட்டினார்கள். இந்த நேரத்தில் உன் அறிக்கை வித்தியாசமாக வந்தால் உன்னைத்தான் கேட்பார்கள்.

திரும்ப மருந்து கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். ஆகவே கொஞ்ச நாள் பொறு.

பக்ரீத் வருகிறதே, இந்த வருஷம் எனக்குப் பிரியாணி உண்டா?

அன்புடன்,
பூங்காவனம்


786
ஆம்பூர்,
19-5-1963

பூங்கா,

பக்ரீத் கழிந்து தோல் வரத்து ஜாஸ்தி. ரயில் வேகனில் வடக்கேயிருந்து உப்புத் தோல் கட்டுக்கட்டாக வந்து இறங்குகிறது. அதோடு வந்த ஆட்களில் ஒருத்தனுக்கு எட்டாம் தேதி காய்ச்சல். ஷாப்பு மேஸ்திரி அவனைத் தோல் அடுக்குகிற கொட்டகையிலேயே ஒரு மூலையில் படுக்க வைத்திருக்கிறான். முகத்தில் முத்து போட்டதும் எல்லோரும் விலகி நின்றார்களாம். சைராவின் புருஷன்தான் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு நடந்திருக்கிறார். நேற்று முன்தினம் அவன் செத்துவிட்டான். நான் போய்ப் பார்த்தேன். உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் முத்து. சந்தேகமே இல்லை.

தெருவில் யாருக்கும் பயம் இல்லை, பூங்கா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. "நமக்குத்தான் குத்தியாச்சே" என்கிறார்கள். அந்த ஆள் கிடந்த கொட்டகையிலேயே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். போகாதீர்கள் என்றால், "இன்னாக்கா, நீ குத்துனதுல ஒனக்கே நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டுச் சிரிக்கிறாள் சைரா. 

இன்று உட்கார்ந்து உன் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். விஜியின் கை வீங்கியது என்று எழுதியிருக்கிறாய். கொதித்தாள், பொருக்குக் கட்டியது என்று எழுதியிருக்கிறாய். அதே கிடங்கு, அதே குளிர்பெட்டி. இங்கே நூற்றுப் பதினாறு குழந்தைகளில் ஒன்றுக்கு எழாதது அங்கே ஒரே ஒரு குழந்தைக்கு எழுந்திருக்கிறது.

விஜிக்கு எந்தச் சீசாவிலிருந்து குத்தினாய்?

சுற்றி வளைக்காமல் எழுது. ஆபீசருக்குக் கேட்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டும்.

நசீமா


வேலூர்,
24-5-1963

நசீமா,

இதைப் படித்ததும் கிழித்துப் போடு. உன் மேல் வைத்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் மோட்டார் எரிந்துவிட்டது. மெட்ராசிலிருந்து ஆள் வந்து சரி செய்ய ஒன்பது நாள் ஆனது. உன் நானூறு பேருக்கான மருந்தும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. முதல் இரண்டு நாள் ஐஸ் பாக்டரியில் கெஞ்சிக் கட்டி வாங்கி வைத்தேன். மூன்றாம் நாள் ஆபீஸ் சீட்டு இல்லாமல் தரமாட்டோம் என்றார்கள். சீட்டில் பெரிய ஐயா கையெழுத்துப் போடவில்லை. எப்படி வெயில் அடித்தது என்று உனக்கே தெரியும். சீசாவைத் தொட்டால் வெதுவெதுவென்று இருந்தது.

மருந்து செத்துவிட்டது, அனுப்பக்கூடாது என்று ஒரு குறிப்பு எழுதி அவர் மேஜையில் வைத்தேன். கூப்பிட்டார். "சீசாவுல போட்டிருக்கிற தேதி முடியலியே. டில்லிக்காரங்க வர்ற நேரத்துல, மருந்து கெட்டுப்போச்சுன்னு நான் எழுதணுமா?" என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். குறிப்பை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, "பரந்தாமன் எப்படி இருக்கான்? படுக்கை எல்லாம் வசதியா இருக்குதில்ல?" என்று கேட்டார். அவ்வளவுதான். 

ஆறாம் தேதி ஜம்புலிங்கத்திடம் புது ஐஸ் போட்டு, அந்தச் செத்த மருந்தைக் கொடுத்தனுப்பினேன். ஐஸ் கரையாமல் வந்தது என்று நீ எழுதியிருந்தாயே, அதைப் படிக்க முடியாமல் மூடி வைத்தேன்.

பன்னிரண்டாம் தேதி மெட்ராசிலிருந்து புதுப் பெட்டி வந்தது. அதை உனக்கு அனுப்ப வழியில்லை. உன் தெருக்களுக்குக் கொடுத்தாயிற்று என்று கணக்கு முடிந்துவிட்டது. அதை உடைத்ததும் முதல் சீசாவிலிருந்து விஜிக்குக் குத்தினேன். ஆமாம், நசீமா. நான்தான். உன் நாற்பது வீடும் அப்போது என் கண்ணில் வந்தது. வந்தும் குத்தினேன்.

இப்போது உனக்கு மருந்து அனுப்பினால் முதல் மருந்து செத்தது என்று நாங்களே ஒப்புக்கொண்டது போல ஆகும் என்கிறார். ஏதாவது செய்யப் பார்க்கிறேன். அந்தக் கொட்டகைப் பக்கம் பிள்ளைகளை விடாதே.

கிழித்துவிடு.

பூங்காவனம்


786
ஆம்பூர்,
15-6-1963

பூங்காவனம்,

உன் கடிதம் வந்த மறுநாள் காலை முதல் ரயிலில் வேலூர் வந்தேன். நீ லீவு என்றார்கள். உன் வீட்டுக்கு வந்தேன், பூட்டியிருந்தது. உங்கள் பெரிய ஐயாவின் அறைக்கு வெளியே மூன்று மணி நேரம் நின்றேன். உள்ளே கூப்பிடாமலே, "இருப்பு இல்லன்னு சொல்லு" என்று பியூனிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

மே இருபத்தேழாம் தேதி ஜான் பாஷாவுக்குக் காய்ச்சல். சைரா சிறியவளை உடனே பேரணாம்பட்டில் தன் அம்மாவிடம் அனுப்பிவிட்டாள். அவனோடு நான் இருந்தேன். நானும் இல்லாமல் வேறு யார் இருப்பார்கள்? மற்றவர்கள் யாரும் வாசல்படி மிதிக்கவில்லை. மூன்றாம் நாள் நெற்றியில் முத்து வந்தது. பிறகு இடமில்லாமல் வந்தது. வாய்க்குள்ளும் வந்ததால் தண்ணீர் இறங்கவில்லை. சுய நினைவு இருந்தவரைக்கும் அம்மை குத்திய கையைத் தூக்கி என்னிடம் காட்டிக்கொண்டே இருந்தான். ஒன்றும் கேட்கவில்லை. காட்டினான், அவ்வளவுதான். ஜூன் ஆறாம் தேதி முடிந்தது.

இதுவரை அந்தத் தெருவில் ஏழு பேர். ஐந்து குழந்தைகள். முனிசிபாலிட்டிப் பதிவேட்டில் ஏழு பேருக்கும் 'காய்ச்சல்' என்று எழுதியிருக்கிறது. ஏன் என்று கேட்டேன். அப்படித்தான் மேலிடத்திலிருந்து சொன்னார்கள் என்றார் குமாஸ்தா.

பத்தாம் தேதி உங்கள் ஆபீசிலிருந்து புது மருந்து வந்தது. நான் வந்து நின்று கேட்டபோது இல்லாதது, இப்போது தானாகவே வந்தது. நன்றாக இருக்கிறது, டிஸ்பென்சரிக் குழந்தை ஒன்றுக்குக் குத்திப் பார்த்தேன், கை தடித்துக்கொண்டு வருகிறது. ஆனால் யாருக்குக் குத்துவது? ஒரு கதவும் திறக்கவில்லை. "மொதல்ல குத்துனியே, அது போதும்" என்கிறார்கள். நான்தான் நோயைக் கொண்டு வந்து குத்தினேன் என்று சிலர் சொல்கிறார்கள். கல் ஒன்று தோளில் பட்டது. பெரிய காயம் இல்லை. தினமும் ஐஸ் மாற்றி மாற்றி மருந்தை வைத்துக்கொண்டு தெருமுனையில் நிற்கிறேன். இது எத்தனை நாள் தாங்கும் என்று உனக்குத் தெரியும். இன்னும் முந்நூறு பேர் உள்ளே இருக்கிறார்கள்.

நேற்று எனக்கு மெமோ வந்தது. மருந்தை அஜாக்கிரதையாக வெயிலில் எடுத்துச் சென்று கெடுத்ததற்கு ஏன் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று கேட்டிருக்கிறார்கள். ஜூலை எட்டாம் தேதி, திங்கட்கிழமை, வேலூரில் விசாரணை.

உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். விசாரணைக்காக அல்ல. முதல் மருந்து செத்த மருந்து, இது உயிருள்ள மருந்து என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்தால் மட்டும்தான் கதவு திறக்கும். நான் வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். முன்னேயும் நான்தான் சொன்னேன். உன் கடிதத்தை அவர்களுக்குப் படித்துக் காட்ட எனக்குச் சம்மதம் கொடு. உன் பெயரைச் சொல்ல மாட்டேன்.

சீக்கிரம் எழுது.

நசீமா


வேலூர்,
20-6-1963

நசீமா,

அந்தப் பையனைப் பற்றி நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் தூங்கி நாளாயிற்று.

சம்மதம் கேட்கிறாய். பெயர் சொல்லாவிட்டால் தெரியாதா? கிடங்குச் சாவி யாரிடம் என்று ஊருக்கே தெரியும். படித்த அடுத்த நாள் என் வீட்டுக்காரருடைய படுக்கை போய்விடும். இந்த நிலையில் வீட்டுக்குக் கொண்டுவந்தால் இந்த ஒரே அறையில் விஜியும் இருப்பாள், அவரும் இருப்பார், அந்த இருமலும் இருக்கும். அம்மைக்கு நான் அவளுக்குக் குத்திவிட்டேன். இதற்கு என்ன குத்துவது?

உனக்கு நான் சொல்லாமல் தெரியவருவதைவிட நானே சொல்வது மேல். செவ்வாய்க்கிழமை ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். கிடங்கை விட்டுப் போகும்போது மருந்து நல்ல நிலையில் இருந்தது என்று. போட்டுவிட்டேன்.

உனக்குப் பிள்ளை இல்லை. புருஷன் இல்லை. தையல் தெரியும், பிரசவம் பார்க்கத் தெரியும், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாய். இப்படி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் ஒரு நாளைக்கு நூறு தடவை எனக்கு நானே இதைத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தக் கடிதத்தைக் கிழிக்க மனசு வராவிட்டால் எனக்கே திருப்பி அனுப்பு. கேட்டுக்கொள்கிறேன். விடுதியில் ஒரே தட்டில் சாப்பிட்டோம் என்பதற்காகவாவது.

பூங்காவனம்


786
ஆம்பூர்,
3-7-1963

பூங்காவனத்துக்கு,

உன் கடிதம் வந்த பிறகு ஐந்து நாள் சும்மா இருந்தேன். அந்த ஐந்து நாளில் இன்னும் இரண்டு பேர் போய்விட்டார்கள். இரண்டாவது ஒரு பிள்ளைத்தாய்ச்சி. ஒரு வருஷத்துக்கு முன்னால் டிஸ்பென்சரியில் அவள் முதல் பிரசவம் நான்தான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை சைரா வீட்டுக்குப் போனேன். ஜியாவுல்லா கதவைத் திறந்தார். விலகி வழிவிட்டார். சைரா முற்றத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒங்கிட்ட ஒரு காயிதம் படிக்கணும்" என்றேன். "இத்தக் கேட்டுட்டு என்னை வெளிய தள்ளிட்டாலும் சரி."

"படி."

படித்தேன். மோட்டார் எரிந்தது, ஐஸ் கிடைக்காதது, குறிப்பைக் கிழித்தது, எல்லாம். உன் வீட்டுக்காரர் படுக்கையைப் பற்றியும் படித்தேன், விட்டுவிடவில்லை. முறம் நின்றுவிட்டது. முடிந்ததும், "இன்னொரு வாட்டி படி" என்றாள். ஜியாவுல்லாவை அனுப்பிப் பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுவரச் சொன்னாள். பதினைந்து பேர் வந்தார்கள், பிறகு முப்பது, நாற்பது. மூன்று தடவை படித்தேன். 

ஒருத்தி என்னை அடிக்க வந்தாள். அவள் இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தவள். சைரா நடுவே வந்து தடுத்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"இது செத்த மருந்துன்னு குத்தறப்போ ஒனக்குத் தெரியுமா?"

"குத்தறப்போ தெரியாது. எட்டாம் நாள் கையைப் பார்த்தப்போ சந்தேகம் வந்தது. வந்தும் ஒங்ககிட்ட சொல்லல. ஆபீசுக்கு எழுதிட்டுக் காத்துக்கினு இருந்தேன்."

"ஒரு மாசம் எங்க வூட்டுச் சேமியா தின்னுட்டு."

"ஆமாம்."

அடிக்க வந்தவளை அவள் ஒரு பக்கமாக உட்கார வைத்தாள். அப்புறம், "இப்போ கொண்டாந்திருக்கிறது உயிர் மருந்தா?" என்றாள். டிஸ்பென்சரிக் குழந்தையை அதன் தாயோடு அழைத்துப் போயிருந்தேன். அதன் கையைக் காட்டினேன். கொப்புளம் பழுத்துப் பொருக்குக் கட்டியிருந்தது. ஒவ்வொருத்தியாக வந்து அந்தக் கையை உற்றுப் பார்த்தார்கள். சைரா தன் ரவிக்கைக் கையை ஏற்றி முதலில் தன் கையை நீட்டினாள். மறுநாள் பேரணாம்பட்டுக்கு ஆள் அனுப்பி வஜீதாவைக் கூட்டிவந்து அவளுக்கும் குத்தச் சொன்னாள். நேற்று மாலை வரைக்கும் இருநூற்று எண்பத்தொன்று. நான்கு நாளில் புதிதாக ஒருவருக்கு மட்டும்தான் காய்ச்சல். நின்றுவிட்டது என்று இன்னும் சொல்லமாட்டேன்.

இப்போது உன் கடிதத்தைப் பற்றி. உன் பெயரை நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் அதை உனக்குத் திருப்பி அனுப்ப முடியாது. படித்து முடித்ததும் சைரா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. தலைகீழாகப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். "முனிசிபாலிட்டி காயிதத்துல எம் புள்ள காய்ச்சல்ல செத்தான்னு எழுதிக்கீது. அவன் எப்படிச் செத்தான்னு நெசம் எழுதின காயிதம் இது ஒண்ணுதான்."

விசாரணைக்கு வேண்டும் என்று நேற்றுப் போய்க் கேட்டேன். தரவில்லை. பிடுங்கிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. திங்கட்கிழமை வெறுங்கையோடுதான் வருவேன். நீ எதிரே உட்கார்ந்து மருந்து நல்ல மருந்து என்று சொல்வாய். நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். உன் கடிதத்தைப் பற்றி அங்கே வாய் திறக்கமாட்டேன். வாய் திறக்க வேண்டியது நானா நீயா என்பதை நீயே முடிவு செய்துகொள்.

அந்தக் காகிதம் உனக்கு வேண்டுமென்றால் நீயே வந்து சைராவிடம் கேட்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து தோல் ஷாப்புச் சுவரை ஒட்டியே நடந்தால் மூன்றாவது சந்து, பச்சைக் கதவு. தட்டு. பெண் குரல் கேட்டால் திறப்பாள்.

நசீமுன்னிசா